இடிக்கும் முன் பாருங்கள்: நாட்டு மருந்துக் கடையில் அசல் சரக்கு வாங்கும் முறை

நாட்டு மருந்துக் கடைக்கு நீங்களே போய்ச் சரக்கு வாங்கி, வீட்டில் இடித்துச் சலித்து வைத்துக்கொள்ள நினைத்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கு. எந்த நோய்க்கு எது மருந்து என்பதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அதை வைத்தியர் சொல்லட்டும். அவர் எழுதிக்கொடுத்தது உங்கள் பையில் வந்து விழுந்ததா என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

எல்லாவற்றுக்கும் முதல் விதி: முழுச் சரக்காக வாங்குங்கள், பொடியாக வாங்காதீர்கள். வேர், பட்டை, தண்டு, காய் எல்லாம் தம் அடையாளத்தைத் தம் மேலேயே வைத்திருக்கின்றன. தோலின் சுருக்கம், உடைத்தால் தெரியும் நிறம், வாசம், கனம் எல்லாம் சாட்சி. இடித்துவிட்டால் அத்தனையும் போய்விடும். பிறகு பொடியைச் சோதிக்க ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் வேண்டும்.

கடைகளில் நடப்பதெல்லாம் மோசடி என்று எண்ண வேண்டாம். காட்டிலிருந்து சேகரிப்பவர், உள்ளூர்த் தரகர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று நான்கைந்து கை மாறி வருகிற சரக்கில் எந்தக் கையிலும் பிழை நேரலாம். பல நேரம் விற்பவருக்கே தெரியாது. ஆகவே சண்டைக்காரராகப் போகாமல், பார்க்கத் தெரிந்தவராகப் போங்கள்.

கடைக்குப் போகும் முன்

1. சீட்டில் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரே பெயருக்கு ஊருக்கு ஒரு செடி உண்டு. பற்படாகம் என்றால் சித்த வழக்கில் மொல்லுகோ செர்வியானா என்ற சிறு செடி. கேரளத்துக்காரர் அதே பெயரில் வேறொரு செடியைத் தருவார். வட இந்திய ஆயுர்வேதத்தில் அது மூன்றாவது ஒன்று. பிரம்மி என்று கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரம்மி வரும், இன்னொன்றில் வல்லாரை வரும். வைத்தியரிடம் தாவரவியல் பெயரைக் கேட்டு, தமிழ் எழுத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள்.

2. எந்த உறுப்பு என்று எழுதுங்கள்: வேரா, வேர்ப்பட்டையா, இலையா, விதையா, சமூலமா (வேரோடு கூடிய முழுச் செடி). 'கீழாநெல்லி 100 கிராம்' என்பது அரைகுறைச் சீட்டு. 'கீழாநெல்லி சமூலம், காய்ந்தது, இடிக்காதது' என்பது முழுச் சீட்டு.

3. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கணக்கிடுங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கிலோக் கணக்கில் வாங்கினால், மிச்சம் பெரும்பாலும் வண்டுக்குத்தான்.

4. உயிருள்ள செடியை ஒருமுறையாவது பாருங்கள். சித்த மருத்துவக் கல்லூரிகளின் மூலிகைத் தோட்டங்களில் பெயர்ப்பலகையோடு வளர்த்திருப்பார்கள். இலை, தண்டு, காய் மூன்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் கடையில் ஒப்பிட உதவும்.

கடையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. சரக்கு வேகமாக நகரும் கடைதான் நல்ல கடை. சென்னை ராசப்பச் செட்டித் தெருவிலோ மதுரை கீழமாசி வீதியிலோ கூட்டம் நிற்கும் கடைகளில் மூட்டை நீண்ட நாள் கிடக்காது. மொத்த வியாபாரத்தில் விருதுநகருக்கு நெடுநாளாகப் பெயர் உண்டு. உங்கள் ஊரில் இருப்பது ஒரே கடை, அதிலும் டப்பா மேல் தூசி என்றால், எளிதில் கெடாத சரக்குகளை மட்டும் அங்கே வாங்குங்கள். கடுக்காய், சுக்கு, மிளகு போன்றவை தாங்கும். பூ, இலை, வாசனைச் சரக்குகள் தாங்காது.

கடையில்: இந்த வரிசையில்

1. மூட்டையையோ டப்பாவையோ திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டி வைத்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

2. ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பரப்புங்கள். எல்லாத் துண்டும் ஒரே சாதியாகத் தெரிகிறதா? நிறத்திலோ பருமனிலோ தனித்து நிற்பதை ஒதுக்கி வையுங்கள். பாதிக்குமேல் குச்சியும் தூசியுமாக இருந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம்.

3. ஒன்றை ஒடியுங்கள். நன்கு காய்ந்த வேரும் பட்டையும் ஓசையோடு முறியும். வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரச் சரக்குக்கு இரட்டை நட்டம்: தண்ணீருக்கு விலை கொடுக்கிறீர்கள், பிறகு பூஞ்சையும் வாங்குகிறீர்கள்.

4. உடைந்த முகத்தைப் பாருங்கள். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுத்துப்போன சரக்கு. சாம்பல், பச்சை, கறுப்புப் படலம் தெரிந்தால் பூஞ்சை. துடைத்துவிட்டு விற்பார்கள், ஆகவே பிளவுகளுக்குள்ளும் பாருங்கள்.

5. முகருங்கள். உள்ளங்கையில் தேய்த்து, சூடு வந்ததும் முகர்ந்தால் வாசம் தெளிவாக வரும். எந்த மூலிகையானாலும் சாக்கு நாற்றமும் மக்கல் வாடையும் முந்தி வந்தால் வேண்டாம்.

6. சுவைத்துப் பார்ப்பது கடைசி. அதுவும் அடையாளம் உறுதியான, உணவாகவும் பழகிய சரக்குகளில் மட்டும். நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள்.

7. பில் கேளுங்கள். சரக்கின் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும். 'மருந்துச் சாமான்' என்று மொத்தமாக எழுதிய பில்லால் பயனில்லை.

எச்சரிக்கை: சேராங்கொட்டை, எட்டிக் கொட்டை, நாபி, குன்றிமணி, ஊமத்தை விதை ஆகியவற்றை நாக்கில் வைக்கவே கூடாது. சேராங்கொட்டைப் பால் தோலில் பட்டாலே கொப்புளிக்கும். இவையெல்லாம் சுத்தி (நச்சு நீக்கும் முறை) செய்தபின் வைத்தியர் கையால் மட்டும் மருந்தாகும் சரக்குகள். வீட்டு மருந்துப் பெட்டியில் இவற்றுக்கு இடமில்லை.

அதிகம் மாறிப்போகும் சரக்குகள்

*சீந்தில்.* முதலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீடு வீடாகச் சீந்தில் கொடியை வெட்டிக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் 2022 பிப்ரவரியில் விளக்கம் வெளியிட்டது: சீந்திலைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிறிஸ்பா என்ற வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்துப் பயன்படுத்தினால் தீங்கு நேரலாம், இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்றது. பிரித்தறியும் வழி இது:

- அசல் சீந்தில் (டினோஸ்போரா கார்டிஃபோலியா): தண்டு பச்சை நிறம், முண்டு முண்டான புடைப்புகள் இல்லை, வெட்டினால் பால் வடியாது. பூவுக்கு 6 இதழ். பழம் உருண்டை, சிவப்பு.
- மாற்றுக் கொடி (டினோஸ்போரா கிறிஸ்பா): தண்டு சாம்பல் நிறம், மேலெல்லாம் புடைப்பு, வெட்டினால் பால் போன்ற சாறு. பூவுக்கு 3 இதழ். பழம் நீள்வட்டம், ஆரஞ்சு நிறம்.

இதில் பலர் செய்யும் தவறு, கசப்பை வைத்து முடிவு செய்வது. இரண்டுமே கசக்கும். காய்ந்த துண்டாக வாங்கும்போது தோலில் புடைப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பாதி உரிந்துபோன துண்டாகவோ பொடியாகவோ இருந்தால் கேள்விக்கே இடமில்லை, வாங்காதீர்கள். அசலே கிடைத்தாலும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் வகை நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சீந்தில் எடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களில் அத்தகையோர் இருந்தார்கள்.

*கீழாநெல்லி.* வயலிலும் வரப்பிலும் இதன் உறவுக்காரச் செடிகள் கலந்தே முளைக்கின்றன. அறுப்பவர் கையில் கலந்தே வருகின்றன. சமூலமாக வாங்கிக் காய்களைத் தேடுங்கள். மருந்துக்குரிய கீழாநெல்லியில் (ஃபில்லாந்தஸ் அமாரஸ்) காய் வழவழப்பாக, சிறு காம்போடு இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும். காய் சொரசொரப்பாக, காம்பு இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, தண்டும் செந்நிறமாக இருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. இலை அடியில் குறுகி நுனியில் அகன்றிருந்தால் பெரும்பாலும் மேலாநெல்லி. இலை உதிர்ந்து வெறும் தூளாக விற்கப்படும் கீழாநெல்லியில் இது எதையும் பார்க்க முடியாது.

*நன்னாரி.* சர்பத்துக்காக வாங்குபவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். வாசம் ஒன்றை நம்பி வாங்குவதுதான் காரணம். ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்குக்கும் ஏறத்தாழ அதே வாசம். நன்னாரி வேர் மெல்லியது, கம்பிபோல் முறுக்கானது, கருஞ்செம்மை நிறம். தோலில் குறுக்குவாட்டில் வெடிப்புகள் இருக்கும். நகத்தால் கீறினால் தோல் நடுக்கட்டையை விட்டு எளிதாகக் கழலும். நடுக்கட்டை கெட்டியாக, மஞ்சள் கலந்து தெரியும். மாகாளி பருத்த சதைப்பற்றுள்ள கிழங்கு. காயவைத்து நறுக்கினால் விரல் பருமனுக்கும் மேலான துண்டுகளாக வரும். மாகாளி நஞ்சல்ல, சாப்பிடுகிற பொருள்தான். ஆனால் நன்னாரி விலை கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை. அதோடு, காட்டு மாகாளி கண்டபடி தோண்டப்பட்டு அருகி வருகிறது.

*அமுக்கரா.* அசுவகந்தா என்ற பெயரில் உலகமெங்கும் விலைபோகும் சரக்கு. பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச் சந்தை வழியாக வருகிறது. மருந்து இதன் வேரில்தான். வேர் கிடைப்பது குறைவு, இலை மலிவு என்பதால் பொடிகளில் இலை கலக்கும் பழக்கம் வளர்ந்தது. 2021-இல் ஆயுஷ் அமைச்சகம் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. முழு வேராக வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. கிளை பிரியாத, முனை குறுகிய, வெளிர்மஞ்சள் கலந்த சாம்பல் நிற வேர். ஒடித்தால் சட்டென்று முறியும். உள்ளே வெள்ளை மாவு. மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டுக்குப் பிடித்த சரக்கும் இதுதான். துளையைத் தேடிப் பாருங்கள். பொடியில் பச்சை சாயல் தெரிந்தால் இலை கலந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

*அசோகப்பட்டை.* நேராகச் சொல்லிவிடுகிறேன்: இதைக் கண்ணால் பார்த்து வாங்க முயல வேண்டாம். அசல் அசோக மரம் (சராகா அசோகா) அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சந்தையின் தேவைக்கு அது போதாது. பள்ளிக்கூட வாசலிலும் பங்களா மதிலோரமும் ஒட்டடைக்கம்பு போல் உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்க மரத்தை அசோகம் என்று ஊரே அழைப்பதால், அதன் பட்டை இந்தப் பெயரில் புகுந்துவிட்டது. மரமாக நிற்கும்போது வேறுபாடு தெளிவு: அசோகத்துக்குக் கூட்டிலை, ஆரஞ்சு-சிவப்புப் பூங்கொத்து, நெட்டிலிங்கத்துக்கு ஓரம் அலையலையான தனி இலை, பச்சைப் பூ. உரித்துக் காய்ந்த பட்டையில் அந்தத் தெளிவு இல்லை. தேவைப்பட்டால் சித்த மருத்துவமனையிலோ, சோதனை செய்து தயாரிக்கும் உரிமம் பெற்ற நிறுவனத்திடமோ தயாரித்த மருந்தாகவே வாங்குங்கள்.

*பட்டை.* பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா. இலங்கை இலவங்கப்பட்டை காகிதம்போல் மெல்லியது. பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். கேசியா ஒற்றை அடுக்காகத் தடித்து, எளிதில் உடையாது. சமையலுக்கு எதுவானாலும் குற்றமில்லை. தினமும் பட்டைப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிப்பவர்களுக்குத்தான் பேதம் முக்கியம். கேசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். அது கூடினால் கல்லீரலைத் தாக்கும். தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் கேசியாப் பொடியிலேயே அந்த வரம்பு நிறைந்துவிடும் என்று ஜெர்மானிய ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அது ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

*கிராம்பு.* எண்ணெய் வடித்து எடுத்தபின் சக்கையைக் காயவைத்து விற்பது பழைய தந்திரம். தலைப் பகுதியை நகத்தால் அழுத்துங்கள். எண்ணெய் கசிய வேண்டும். நாலைந்தைத் தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலே, காம்பு கீழே என்று நின்றுகொண்டு மிதக்கும். சக்கை படுத்துக்கொண்டு மிதக்கும்.

*கரிசலாங்கண்ணி.* பச்சையாக வாங்கினால் இலையை உள்ளங்கையில் கசக்கித் தேயுங்கள். சாறு சற்று நேரத்தில் கறுக்கும். கறுக்காவிட்டால் அது சாலையோரத்து வேறு ஏதோ செடி.

*மஞ்சள்.* ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிப் பொடியைத் தூவிக் கலக்காமல் விடுங்கள். நல்ல பொடி மெல்லக் கீழிறங்கும், தண்ணீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். இறங்கும்போதே அடர்மஞ்சளாகச் சாயம் விட்டால் செயற்கை நிறம். ஆனால் இந்தச் சோதனை ஈய குரோமேட்டைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். பங்களாதேஷில் விரலி மஞ்சளுக்கு மெருகேற்ற அதைப் பூசியதும், அதனால் மக்கள் ரத்தத்தில் ஈயம் ஏறியதும் 2019-இல் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த செய்தி. ஆகவே மஞ்சளிலும் அதே விதி: விரலியாக வாங்குங்கள். கையில் தேய்த்தால் பளீரென்று மஞ்சள் ஒட்டுவதை ஒதுக்குங்கள். கழுவிக் காயவைத்து நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள்.

கடுக்காய்க்கு அதிக வேலை இல்லை. கனமானது, துளையில்லாதது, தண்ணீரில் மூழ்குவது நல்லது. பயன்படுத்தும்போது கொட்டையை நீக்குங்கள், சுக்கின் தோலைச் சீவுங்கள். இரண்டும் சித்த மருத்துவத்தின் அடிப்படைச் சுத்தி முறைகள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

*அயல்பொருள் கணக்கு.* சமையலறைத் தராசு இருந்தால் போதும்.

1. வாங்கிய சரக்கில் 100 கிராம் நிறுத்துத் தட்டில் பரப்புங்கள்.
2. கல், மண் கட்டி, வேறு செடியின் துண்டு, வேருக்குப் பதில் வந்த தண்டு ஆகியவற்றைப் பொறுக்குங்கள்.
3. பொறுக்கியதை நிறுங்கள். மருந்துநூல் தரத்தில் பெரும்பாலான சரக்குகளுக்கு அயல்பொருள் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 100 கிராமில் 2 கிராம். அதைவிடப் பல மடங்கு வந்தால் பொட்டலத்தோடு கடைக்குத் திரும்புங்கள்.

*மண் சோதனை.* இடித்த பொடிக்கு இது. 10 கிராம் பொடியை ஒரு உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேல்தண்ணீரை மெல்ல இறுத்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் அடியில் மணல் மட்டும் தங்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்று தெரியும். வேர்ச் சரக்குகளில் சிறிதளவு தங்குவது சகஜம். இலைப்பொடியில் தங்கினால் தரையில் கொட்டிக் காயவைத்த சரக்கு என்று பொருள்.

*காந்தம்.* பொடியைக் காகிதத்தில் பரப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்துங்கள். இரும்புத் தூள் ஒட்டினால் அரவை இயந்திரத்திலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் குடிக்கத் தகாது.

*அயோடின்.* சிறிது பொடியை நனைத்து, அதன்மேல் மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவு இருக்கிறது. இதை இலைப்பொடிகளில் மட்டும் செய்யுங்கள். கிழங்கு, வேர்ப் பொடிகளில் இயல்பாகவே மாவுச்சத்து உண்டு. அமுக்கராப் பொடி நீலமானது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றால் தோற்பது நீங்கள்தான். சோதித்த பொடியைக் கொட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை: மஞ்சள்பொடியில் கலக்கும் மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயத்தைக் கண்டறிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்க்கும் முறையைப் பலர் காணொளிகளில் காட்டுகிறார்கள். கழிவறை கழுவும் அமிலத்தைச் சமையலறைக்குக் கொண்டுவரும் வேலை வேண்டாம். அது ஆய்வுக்கூடத்துக்குரியது. தீயில் எரித்துப் புகையை முகர்ந்து பார்க்கும் சோதனைகளையும் விட்டுவிடுங்கள்.

மேற்சொன்ன எதுவும் பூச்சிக்கொல்லி எச்சத்தையோ கன உலோகத்தையோ காட்டாது. ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் என்று வரம்புகள் இருக்கின்றன. அவற்றை அளக்கக் கருவி வேண்டும். வீட்டுச் சோதனையில் தேறியது என்பதற்கு, கண்ணுக்குத் தெரியும் குற்றம் இல்லை என்ற அளவே பொருள்.

பொடியாகத்தான் கிடைக்கிறது என்றால்

தனிச் சரக்குகளைக் கடையில் எடைபோட்டு விற்பதற்கும், சூரணமாகத் தயாரித்துப் பாக்கெட்டில் விற்பதற்கும் சட்டம் ஒன்றல்ல. தயாரிப்பவருக்கு 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்.

1. தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வைத்துவிடுங்கள்.
2. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது. அதன்மேல் 'நோயைக் குணமாக்கும்' என்று எழுதியிருந்தால் எழுதியவரை நம்பாதீர்கள்.
3. சேர்மானங்களில் தாவரவியல் பெயரும் உறுப்பும் இருக்கிறதா பாருங்கள். 'அரிய மூலிகைகள்', '18 வகைப் பச்சிலை' என்பதெல்லாம் சேர்மானப் பட்டியல் ஆகாது.
4. நீரிழிவு உட்படப் பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அந்த விளம்பரத்தைத் துணிந்து செய்பவர், உள்ளே போடும் சரக்கில் மட்டும் ஒழுங்காக இருப்பார் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஒரு குறி சொல்கிறேன். மூட்டுவலிப் பொடி சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துபோனால் மகிழாதீர்கள், சந்தேகியுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்வது அரிது. வலிநிவாரணியும் ஸ்டீராய்டும் கலந்த 'மூலிகை' மருந்துகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. சர்க்கரை நோய்க்கான பொடிகளில் ஆங்கில மருந்து மாத்திரையை அரைத்துக் கலப்பதும் உண்டு. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அது இரட்டை அளவாகிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். இப்படிப் பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பாக்கெட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

சரக்கு சரியாக இருந்தும் வாங்கக் கூடாதவை

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய ஒரு மருத்துவமனையில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஸ்டெஃபானியா என்ற வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் மாறி வந்திருந்தது. சீனப் பெயரில் இரண்டுக்கும் இருந்த ஒற்றுமை அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், சிறுநீரகம் கெட்டு அவதிப்பட்டார்கள். பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் வைத்திருக்கிறது.

நம் கடைகளில் ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து என்ற ஈஸ்வரமூலி இரண்டும் கிடைக்கின்றன. இரண்டும் அதே இனம். இங்கே சரக்கு மாறிப்போகும் பிரச்சினை இல்லை; சரியான சரக்கே சிறுநீரகத்துக்குப் பகை. பூச்சிக்கடிக்கும் குடற்புழுவுக்கும் பாட்டி கொடுத்தார் என்பதற்காக வாங்கி உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். அவற்றின் கேடு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

அதிமதுரம் அவ்வளவு அபாயமல்ல. ஆனால் தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கவும்.

வீட்டுக்கு வந்தபின்

1. வேர், கிழங்குகளைக் கழுவி, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். வாசனைச் சரக்கை வெயிலில் போட்டால் வாசம் ஆவியாகிவிடும்.
2. நன்றாக முறியும் பதம் வந்தபின்தான் கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். அரைகுறை ஈரத்தோடு மூடிவைத்த புட்டியில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் துடைத்துக் காயவைத்து மீண்டும் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சு காய்ச்சினாலும் முழுதாகப் போகாது.
3. புட்டிமேல் பெயர், உறுப்பு, வாங்கிய கடை, தேதி எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதாத பொடி மறுநாளே அடையாளம் இழந்துவிடும்.
4. இடிப்பதற்கு முன் ஒவ்வொரு சரக்கிலும் சில முழுத் துண்டுகளைத் தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள். யாருக்காவது ஒவ்வாமல் போனால் மருத்துவரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.
5. மாதத் தேவைக்கு மேல் இடிக்காதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால்

செடியின் அடையாளம்தான் கேள்வி என்றால், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே பெரிய உலர்தாவரத் தொகுப்பு உண்டு. அருகில் கல்லூரித் தாவரவியல் துறை இருந்தால் அங்கிருந்து தொடங்குவது எளிது. பூவும் காயும் உள்ள முழுக் கிளையாக, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் கொண்டுபோங்கள். வெறும் இலையை நீட்டினால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

காய்ந்த சரக்கு என்றால் அரசு சித்த மருத்துவமனையின் மருந்தாளரிடம் காட்டுங்கள். சென்னை அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சி நிலையமும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. உரிமம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டியும் சோதிக்கலாம். ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாத செலவுதான். பத்து வீடு சேர்ந்து ஒரே மூட்டை வாங்கினால் கட்டுப்படியாகும். மாதிரி அனுப்பும்போது இடிக்காத சரக்கு, பில், பாக்கெட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள், பாதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து சாப்பிட்டபின் கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், முகம் வீங்கினால், தோலில் தடிப்பு எழுந்தால், ஆய்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முழுத் துண்டுகளை எடுத்துவைத்த அந்தக் காகித உறையையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுபவர்களுக்குத்தான் சிகிச்சை தாமதமாகிறது.